சலூன் அப்பாயின்ட்மென்டுக்கு வாடிக்கையாளரை நேரத்தில் வரவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்லர், சலூன், நெயில் ஸ்டுடியோ நடத்துபவர்களும் ரிசப்ஷனில் போன் எடுப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. தாமதத்தில் பெரும்பங்கு நாம் நேரம் கொடுக்கும் விதத்திலேயே உருவாகிவிடுகிறது. அதனால் வாசலில் பேசுவதைவிட போனில் பேசுவதற்கே இங்கே அதிக இடம்.

15, 20 நிமிடத் தாமதத்துக்கு இவ்வளவு பேச்சு தேவையா?

ஒரு ரூட் டச்-அப்பை, அதாவது முடியின் வேர்ப்பகுதிக்கு மட்டும் கலர் போடுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். தலையைப் பார்த்துப் பேசி, கலர் கலக்க 10 நிமிடம். வேரில் பூச 25. ஊற 35. அலச 15. ப்ளோ டிரை 20. மொத்தம் 105 நிமிடம். 10 மணிக்குத் தொடங்கினால் 11.45-க்கு எழுந்துவிடலாம். கலர் ஊறும் 35 நிமிடம், அதாவது 10.35 முதல் 11.10 வரை, ஸ்டைலிஸ்டின் கை சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் இன்னொருவருக்கு ஹேர்கட் கொடுத்திருப்பீர்கள்.

கலருக்கு உரியவர் 10.20-க்கு வந்தால் பூசி முடிக்க 10.55 ஆகிவிடும். ஹேர்கட்டுக்கு 10.30-க்கே வந்து உட்கார்ந்தவர் 25 நிமிடம் பத்திரிகையைப் புரட்டுகிறார். 11.45-க்கு வர வேண்டிய மூன்றாமவருக்கு 12.05-க்குத்தான் நாற்காலி. பாதி பூசியதை நிறுத்திவிட்டு ஹேர்கட்டைத் தொடங்கவும் முடியாது. முதலில் பூசிய பகுதி அதிக நேரம் ஊறி, வேரில் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமும் நிற்கும்.

தாமதித்தவர் ஒருவர், காத்திருந்தவர்கள் இருவர். அந்த இருவரும் நேரத்துக்கு வந்தவர்கள். அடுத்த முறை அவர்களும் 'எப்படியும் லேட்டாத்தானே ஆகும்' என்று பத்து நிமிடம் கழித்தே வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்.

வேண்டுமென்றே தாமதிக்கிறார்களா?

அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கணக்குத் தப்புகிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனிதர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாகச் சுமார் 34 நாள் ஆகும் என்று சொன்ன மாணவர்கள் 55 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வேட்டிலேயே இப்படியென்றால் 'பத்து நிமிஷத்துல வந்துடுவேன்' என்பதில் வியக்க ஒன்றுமில்லை. பயண நேரத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். வீட்டைப் பூட்டுவது, வண்டி நிறுத்த இடம் தேடுவது, லிஃப்டுக்குக் காத்திருப்பது எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

நம் பக்கத்துக் காரணங்கள் இன்னும் முக்கியம். '11 மணி வாக்குல வாங்க' என்றால் அந்த 'வாக்குல' என்ற சொல்லுக்குள் அரை மணி நேரம் ஒளிந்திருக்கிறது. போன முறை சரியாக வந்தும் 30 நிமிடம் காக்க வைத்திருந்தால், அவருக்கு நாமே பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறோம்.

புக்கிங் எடுக்கும்போது சரியாக என்ன சொல்ல வேண்டும்?

நான்கு செய்திகள் போதும்: கிழமையும் தேதியும், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வருவதற்கு முன் செய்ய வேண்டியது. முடியும் நேரத்தைச் சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் அதிகம் வேலை செய்யும் சொல். '1.15-க்கு முடிஞ்சுடும்' என்று கேட்டவர் அதற்குப் பின் தன் வேலைகளை அடுக்கிக்கொள்வார். தொடக்கம் தள்ளினால் முடிவும் தள்ளும் என்று நாம் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிடும்.

போனில் இப்படிப் போகலாம்:

'வியாழக்கிழமை, 14-ஆம் தேதி, காலை 11 மணி. சரியா இருக்குமா மேடம்?'
'சரி.'
'11 மணிக்கு ஆரம்பிச்சா 1.15-க்கு முடிஞ்சுடும். அதுக்கப்புறம் உங்களுக்கு வேற ஏதாவது வேலை இருக்கா?'
'2 மணிக்குப் பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூப்பிடணும்.'
'அப்போ 11-க்கே உட்கார்ந்துட்டா நிம்மதியா முடிச்சுக்கலாம். எந்தப் பக்கம் இருந்து வர்றீங்க?'

கடைசிக் கேள்வி வெறும் விசாரிப்பு போலத்தான் கேட்கும். ஆனால் பதில் சொல்லும்போதே அவர் மனதில் பயணத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறார். எந்த வழி, எதில், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று ஒருமுறை யோசித்தவர், வெறுமனே 'சரி' என்று போனை வைத்தவரைவிட நேரத்துக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம். வண்டி நிறுத்தும் சிக்கல் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்: 'கார்ல வர்றதா இருந்தா பின்பக்கச் சந்துல நிறுத்துங்க, முன்னாடி இடம் இருக்காது.'

போனை வைக்கும் முன் நேரத்தை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்ல வையுங்கள். 'எழுதிக்கிட்டீங்களா மேடம், எத்தனை மணின்னு போட்டீங்க?' என்று இயல்பாகக் கேட்டாலே போதும். 11 என்று நாம் சொன்னது அங்கே 1 ஆகப் பதிவாகியிருப்பது இந்த இடத்தில்தான் தெரியவரும்.

வந்த பிறகு வேலை நீண்டுவிடுகிறது. அதையும் புக்கிங்கிலேயே தடுக்க முடியுமா?

முடியும். சரியாக 11-க்கு வந்தவர் எண்ணெய் வைத்த தலையோடு வந்தால் கூடுதலாக ஒரு அலசல், உலர்த்தல் சேர்த்து 15 முதல் 20 நிமிடம் போய்விடும். அடுத்தவர் கண்ணுக்கு அதுவும் நம் தாமதம்தான். ஆகவே வேலைக்கு ஏற்றபடி கேட்டு வையுங்கள்.

கலருக்கு: முன்பு மருதாணியோ பாக்கெட் டையோ போட்டிருக்கிறார்களா? அப்படியிருந்தால் ஒரு கற்றையில் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். சில பொடிகளில் உள்ள உலோக உப்புகள், கலரில் கலக்கும் பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியைப் பாழாக்கும். தலைக்கு முந்தின நாளே குளிக்கச் சொல்லுங்கள்; அன்று காலை தேய்த்துக் குளித்த தலையில் கலர் எரிச்சல் கொடுக்கும். ஒவ்வாமை சோதனைக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே ஒரு ஐந்து நிமிடம் வந்துபோக வேண்டும் என்பதையும் புக்கிங்கிலேயே சேருங்கள்.

நகத்துக்கு: பழைய ஜெல் பாலிஷ் இருக்கிறதா? அதை அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கவே 10 முதல் 15 நிமிடம். கேட்காமல் விட்டால் 60 நிமிட வேலை 75 வரை போகும்.

ஹேர்கட்டுக்கு: முடி எதுவரை இருக்கிறது, எவ்வளவு அடர்த்தி? தோள் வரையிலான முடிக்கும் இடுப்பு வரையிலான முடிக்கும் ப்ளோ டிரையிலேயே 20 நிமிட வித்தியாசம் வரும்.

11 மணிக்கு வர வேண்டியவரிடம் 10.45 என்று சொல்லிவிட்டால்?

செய்யாதீர்கள். 10.45-க்கே வந்து உட்கார்ந்தவர் 15 நிமிடம் வீணாகக் காத்திருப்பார். நேரம் தவறாதவரைத் தண்டிக்கும் ஏற்பாடு அது. இரண்டாவது முறை அவர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு நீங்கள் சொல்லும் எந்த நேரத்தையும் 15 நிமிடம் கழித்தே எடுத்துக்கொள்வார். உண்மையான காரணம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே அழையுங்கள்: 'முதல் தடவை வர்றதால ஒரு ஃபார்ம் நிரப்பணும், 10.50-க்கு வந்துடுங்க.' வந்ததும் அந்த ஃபார்மை உண்மையிலேயே கையில் கொடுங்கள்.

நினைவூட்டல் எத்தனை முறை, எப்போது?

சாதாரண வேலைக்கு இரண்டு. முதலாவது 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன். வர முடியாதவர் சொல்லிவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்க நமக்கு அவகாசம் கிடைக்கும். இரண்டாவது அன்றே, 2 முதல் 3 மணி நேரத்துக்கு முன். இது கிளம்ப வைப்பதற்கு. ஸ்மூத்தனிங், ஹைலைட்ஸ் மாதிரி அரை நாள் வேலைகளுக்கு மூன்று நாள் முன்பே ஒன்று சேர்த்து அனுப்பலாம். அதற்கு மேல் போனால் தொல்லை, படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். இரவு 8 மணிக்குப் பிறகு அனுப்ப வேண்டாம்.

முதல் செய்திக்குப் பதில் வரவில்லையென்றால் ஒரு போன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்தியின் வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

பரவலாக அனுப்பப்படும் ஒன்று இது:

'நாளை உங்கள் அப்பாயின்ட்மென்ட் உள்ளது. தாமதமாக வந்தால் ரத்து செய்யப்படும்.'

இரண்டே வரியில் நான்கு குறை. 'நாளை' என்பதை அவர் மறுநாள் காலை படித்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். மணி இல்லை. என்ன வேலை என்று இல்லை. 'ரத்து செய்யப்படும்' என்பதில் மிரட்டல் இருக்கிறது, மிரட்டுபவர் யார் என்றுகூட இல்லை. இதுவரை ஒரு நாளும் தாமதிக்காதவருக்கும் இதே வரி போய்ச் சேரும். அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பதிலாக:

'வணக்கம் மேடம். வியாழன் 14-ஆம் தேதி காலை 11 மணிக்கு உங்களுக்கு ஹேர் கலர். 1.15-க்கு முடிந்துவிடும். தலைக்கு முந்தின நாளே குளித்துவிடுங்கள், எண்ணெய் வேண்டாம். வருவதாக இருந்தால் 1 என்றும், நேரம் மாற்ற வேண்டுமென்றால் 2 என்றும் அனுப்புங்கள்.'

அன்று காலை செல்லும் இரண்டாவது செய்தி ஒரே வரிதான்: 'உங்கள் நாற்காலி 11 மணிக்குத் தயாராக இருக்கும். வழியில் ஏதாவது தாமதமானால் இந்த எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள்.' மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், ஆச்சரியக்குறிகளும் வேண்டாம்.

நேரத்தை எழுதும்போது வெறும் '12 மணி' என்று விடாமல் 'பகல் 12' என்று எழுதுங்கள். 'அரை மணி முன்', 'மதியத்துக்கு மேல்' போன்றவை பேச்சுக்குச் சரி, செய்திக்கு ஆகாது.

'வந்துட்டே இருக்கேன்' என்கிறார். நம்பலாமா?

'கிளம்பிட்டேன்' என்றால் செருப்பைத் தேடுகிறார், 'வந்துட்டே இருக்கேன்' என்றால் கிளம்பிவிட்டார், 'பக்கத்துல வந்துட்டேன்' என்றால் பாதி வழி தாண்டிவிட்டார் என்று அனுபவப்பட்ட ரிசப்ஷனிஸ்டுகள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், ஐந்து நிமிடம். எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். இடத்தை வைத்து நேரத்தை நீங்களே கணக்கிடலாம்.

'இப்போ எந்த இடத்துல இருக்கீங்க மேடம்? ... சரி, அங்கிருந்து 20 நிமிஷம் ஆகும். 11.20-க்கு வந்தீங்கன்னா கலர் முடிச்சுடலாம், ப்ளோ டிரைக்கு மட்டும் நேரம் இருக்காது. பரவாயில்லையா? இல்ல, மாலை 4-க்கு மாத்திக் கொடுக்கட்டுமா?'

போனிலேயே முடிவு எடுத்துவிட்டால் வாசலில் வாக்குவாதம் இல்லை. அவசரமாக வண்டி ஓட்டிக்கொண்டு வரவும் தேவையில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தால் பேச்சை நீட்டாமல் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

எத்தனை நிமிடம் வரை பொறுக்கலாம்?

எல்லா வேலைக்கும் ஒரே அளவு வைப்பது சுலபம், ஆனால் பொருந்தாது. த்ரெடிங், தாடி ட்ரிம் போன்ற 15 நிமிட வேலையில் 5 நிமிடத் தாமதமே மூன்றில் ஒரு பங்கு. 30 முதல் 45 நிமிட வேலைக்கு 10 நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்டதற்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நாள் குலையாது. அதைத் தாண்டினால் சுருக்கிய வேலை அல்லது வேறு நேரம்.

இந்த அளவு ரிசப்ஷனில் இருப்பவருக்கும் ஸ்டைலிஸ்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 'பரவாயில்ல வாங்க' என்றும் மற்றவர் 'முடியாது' என்றும் சொன்னால் விதி போய்விடும், யார் நல்லவர் யார் கெட்டவர் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

தாமதமாக வந்து நிற்பவரிடம் முதல் வார்த்தை என்ன?

'வாங்க.' பிறகுதான் மற்றது. கடிகாரத்தைப் பார்ப்பது, 'இப்பத்தான் வர்றீங்களா' என்று சிரிப்பது, ஸ்டாஃபிடம் சத்தமாக 'மேடம் வந்துட்டாங்கப்பா' என்பது எல்லாம் அவமானமாகத்தான் விழும். அவர் காரணம் சொல்லத் தொடங்கினால் ஒரு வாக்கியம் கேட்டுக்கொண்டு, 'பரவாயில்ல, இப்போ நமக்கு 40 நிமிஷம் இருக்கு, அதுல என்ன செய்யலாம்னு பார்ப்போம்' என்று வேலைக்கு வந்துவிடுங்கள்.

இரண்டு வழி மட்டும் முன்வையுங்கள். 'ஹேர்கட் மட்டும் இப்போ முடிச்சுடலாம், ஸ்பா இன்னொரு நாள் வச்சுக்கலாம். ரெண்டும் இன்னிக்கே வேணும்னா 3 மணிக்கு இடம் இருக்கு.' மூன்று நான்கு வழிகளை அடுக்கினால் முடிவெடுக்கவே ஐந்து நிமிடம் போகும்.

எதைச் சுருக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

சுருக்கக்கூடியவை: ப்ளோ டிரையும் கடைசி ஸ்டைலிங்கும், ஃபேஷியலில் மசாஜ் நேரம், பெடிக்யூரில் ஊறவைப்பதும் கால் மசாஜும், நகத்தில் டிசைன். செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவதாக இருந்தால் அதைத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். பில்லைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கலர் ஊறும் நேரத்தில் கை வைக்கக் கூடாது. கலக்கிய கலரில் சாயம் முடிக்குள்தான் உருவாகிப் பெரிதாகி நிலைக்க வேண்டும். லேபிளில் 35 என்று இருக்க 20-இல் அலசினால் நரை சரியாக மூடாது, மூடிய இடமும் சில வாரங்களில் வெளிறிவிடும். '20 வால்யூமுக்குப் பதிலா 40 போட்டா சீக்கிரம் ஆயிடுமே' என்று சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். 20 வால்யூம் என்பது 6 சதவீதப் பெராக்சைடு, 40 என்பது 12. வீரியம் கூடினால் இயற்கை நிறம் அதிகம் வெளுக்கும், தலைத்தோல் எரியும். ஊறும் நேரம் அதனால் பாதியாகாது. ப்ளீச்சிலும் இதே ஆசைதான் முடியை ரப்பர் போல இழுபட வைக்கிறது.

அவர் வருவதற்குள் கலரைக் கலக்கி வைத்து நேரம் மிச்சப்படுத்தவும் முயலாதீர்கள். டெவலப்பர், அதாவது பெராக்சைடு, சேர்ந்த நொடியிலேயே கிண்ணத்தில் வினை தொடங்கிவிடும். 20 நிமிடம் கழித்துப் பூசினால் பாதி வேலை கிண்ணத்திலேயே நடந்து முடிந்திருக்கும். மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து டப்பா உப்பும். நாற்காலியில் ஆள் உட்கார்ந்த பிறகே கலக்க வேண்டும்.

கருவிகளைச் சுத்தம் செய்வதும் அப்படியே. பல கிருமிநாசினிக் கரைசல்களில் கருவி 10 நிமிடம் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும்; லேபிளில் உள்ள நேரமே கணக்கு. தாமதத்தை ஈடுகட்ட அதை 2 நிமிடத்தில் எடுத்துத் துடைப்பது தண்ணீரில் கழுவியதற்குச் சமம். ஒவ்வொரு நாற்காலிக்கும் சீப்பு, கத்தரி என்று இரண்டு செட் இருந்தால் இந்த அழுத்தமே வராது.

தாமதத்துக்கு அபராதம் போட்டால் சரியாகிவிடுமா?

தயங்கிச் செய்ய வேண்டிய காரியம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் 10 காப்பகங்களில் பொருளாதார அறிஞர்கள் யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிசினியும் 20 வாரம் ஆய்வு செய்தார்கள். 2000-இல் முடிவுகள் வெளியாயின. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 'டீச்சர் நமக்காகக் காத்திருக்கிறார்' என்ற கூச்சம் முன்பு இருந்தது. காசு வந்ததும் அந்தக் காத்திருப்பு வாங்கக்கூடிய ஒரு சேவையாகிவிட்டது.

சலூனிலும் சின்ன அபராதத்துக்கு இந்த ஆபத்து உண்டு. கட்டணம் கட்டிவிட்டதால் 20 நிமிடம் தாமதிப்பது தன் உரிமை என்று ஒருவர் நினைக்கத் தொடங்கிவிட்டால், அவரிடம் பேச நம்மிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. 'நேரம் குறைஞ்சதால இதை மட்டும் செய்யலாம்' என்பது பணம் கேட்காத, ஆனால் உண்மையான விளைவு. அதுவே போதும்.

அப்படியானால் அட்வான்ஸ்?

அட்வான்ஸ் வேறு. அது பில்லில் கழிக்கப்படும் அவருடைய பணம். எல்லோரிடமும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை, வெளியே போய்ச் செய்யும் மேக்கப், இரண்டு முறை வராமல் இருந்தவர்: இந்த மூன்றுக்கும் கட்டணத்தில் கால் பங்கு முதல் பாதி வரை கேட்கலாம். எத்தனை மணி நேரம் முன் சொன்னால் திரும்பக் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் அனுப்புங்கள். 'மூணு மணி நேர வேலை மேடம், அந்த நேரத்துல வேற யாரையும் எடுக்க மாட்டோம், அதனால கால் பங்கு முன்னாடி வாங்கிக்கிறோம், பில்லுல கழிஞ்சுடும்' என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

பல வருடப் பழக்கம் உள்ளவர், ஒவ்வொரு முறையும் தாமதம். எப்படிச் சொல்வது?

வேலை முடிந்து, கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்திருக்கும் நேரத்தில், அடுத்த தேதி குறிக்கும்போது, மற்றவர் காதில் விழாமல். தலையில் கலரோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேசக் கூடாது; எழுந்து போக முடியாதவரிடம் பேசுவது அநாகரிகம்.

'அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கடைசி மூணு தடவையும் 11 மணி உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கு. 11.45 வசதியா இருக்குமா?' இதில் குற்றச்சாட்டு இல்லை, எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. பாதிப் பேருக்கு உண்மையிலேயே நேரம்தான் பொருந்தாமல் இருந்திருக்கும். பிள்ளையை விட்டுவிட்டு வருவது, மாமியாருக்கு மருந்து கொடுப்பது என்று ஏதோ ஒன்று அப்போதுதான் வெளியே வரும்.

அப்படியும் மாறாதவரை எந்த நேரத்தில் வைப்பது? நாளின் கடைசி நேரத்தைக் கொடுப்பார்கள் பலர். அது ஸ்டாஃப் வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தின்கிறது. உங்கள் இடைவேளைக்கு முன் வைப்பதும் சாப்பாட்டைத் தின்கிறது. அவருக்குப் பின் 20 நிமிடக் காலி இடம் விட்டு, நாளின் நடுவே, இடைவேளையை ஒட்டாத நேரத்தில் வைப்பதே நல்லது. நேரத்துக்கு வந்துவிட்டால் அந்த 20 நிமிடம் துண்டு மடிக்க உதவும்.

கைக்குழந்தையோடு வருபவர், முதியவர், உடல்நலமில்லாதவர்?

இவர்களுக்கு விதியைத் தளர்த்துவதற்குப் பதில் நேரத்தை அகலமாகக் கொடுங்கள். 45 நிமிட வேலைக்கு 60 எழுதுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரை மணி முன்பே வந்துவிடுபவர்?

வரவேற்று உட்கார வையுங்கள், ஆனால் எப்போது தொடங்கும் என்பதை உடனே சொல்லிவிடுங்கள்: '11-க்குத்தான் ஆரம்பிப்போம், அதுவரை உட்கார்ந்திருங்க.' நாற்காலி காலியாக இருந்து, யாரையும் தள்ளாமல் தொடங்க முடிந்தால் தொடங்கலாம். 10.45-க்கு உரியவரைத் தாண்டி இவரை உட்கார வைத்தால் அது இன்னொரு தாமதம்.

முன்பதிவு இல்லாமல் வாசலில் வந்து நிற்பவர்களை எடுக்கலாமா?

எடுக்கலாம், பதிவு செய்தவரின் நேரத்தைத் தொடாமல். நேரத்துக்கு வந்து சோபாவில் காத்திருப்பவர் கண்முன்னே, கதவைத் திறந்து வந்தவர் நேராக நாற்காலியில் உட்கார்ந்தால், அப்பாயின்ட்மென்ட் என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் அன்றோடு மதிப்பு முடிந்தது. 'ஐப்ரோ மட்டும்தான், அஞ்சு நிமிஷம்' என்பதும் இதில் அடக்கம்.

நாங்களே தாமதமாகிவிட்டால்?

வாடிக்கையாளர் கிளம்பும் முன் தெரிய வேண்டும். 15 நிமிடத்துக்கு மேல் தள்ளும் என்று தெரிந்ததும் அடுத்தவருக்குப் போன்: 'மேடம், எங்க பக்கம் 25 நிமிஷம் லேட் ஆகுது. 11-க்கு பதில் 11.25-க்கு வந்தா போதும். மன்னிச்சுக்கோங்க.' 25 ஆகும் என்றால் 25 என்றே சொல்லுங்கள். 10 என்று சொல்லி மூன்று முறை 10 சேர்ப்பவரை யாரும் மன்னிப்பதில்லை. முன்னால் இருப்பவர் தாமதமாக வந்தார் என்று அவர் மேல் பழி போடவும் வேண்டாம். நாளை நம்மையும் இப்படித்தான் சொல்வார்கள் என்று கேட்பவர் நினைப்பார்.

இது அடிக்கடி நடந்தால் அட்டவணையில் கோளாறு. ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் 15 நிமிடம் காலியாக விடுங்கள். அதை 'காலி' என்று எழுதினால் யாராவது நிரப்பிவிடுவார்கள். 'சுத்தம்' என்று எழுதுங்கள்.

கல்யாண மேக்கப் மாதிரி பலர் சேர்ந்து வரும்போது?

பின்னாலிருந்து கணக்கிடுங்கள். போட்டோ 9 மணி என்றால் மணப்பெண் 8.15-க்குத் தயாராக வேண்டும். 45 நிமிடம் புடவை மடிப்பு, நகை, கடைசி டச்-அப்புக்கு. அவருக்கு 2 மணி நேரம் என்றால் 6.15-க்குத் தொடக்கம். மற்ற நான்கு பேருக்கு ஆளுக்கு 40 நிமிடம் என்றால் 160 நிமிடம். இரண்டாவது கலைஞர் 5.30-க்குத் தொடங்கினால் 8.10-க்கு முடிப்பார். ஒரே ஆள் இருந்தால் 3.30-க்குத் தொடங்க வேண்டியிருக்கும். அதை வீட்டாரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

'எல்லாரும் 5.30-க்கு ரெடியா இருங்க' என்று சொன்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு நேரம் கொடுத்து, பெயரோடு பட்டியலாக வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்: 5.30 சித்தி, 6.10 அக்கா, 6.50 அத்தை, 7.30 தங்கை. உரியவர் வரவில்லையென்றால் அடுத்தவர் உட்காருவார், விட்டவர் கடைசிக்குப் போவார் என்பதையும் அந்தப் பொறுப்பாளரிடமே சொல்லி வையுங்கள். பெண் வீட்டாரை விரட்டும் வேலை உங்கள் தலையில் விழாது.

வரவே இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால்?

10 நிமிடம் கழித்து ஒரு போன். எடுக்கவில்லையென்றால் செய்தி: 'மேடம், 11 மணிக்கு எதிர்பார்த்தோம். எல்லாம் நலம்தானே? வேறு நாள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.' உண்மையிலேயே ஏதாவது நேர்ந்திருக்கலாம்; கோபமான செய்தியை மருத்துவமனையில் இருந்து படிப்பவர் திரும்பி வர மாட்டார். இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குக் கொடுங்கள். இரண்டாம் முறையும் நடந்தால் அட்வான்ஸ்.

பலகை எழுதி மாட்டலாமா? சரியாக வருபவருக்குப் பரிசு?

பலகையைத் தாமதமாக வருபவர் படிப்பதில்லை, சீக்கிரம் வந்து உட்கார்ந்திருப்பவர்தான் படிக்கிறார். பரிசுக்குத் தள்ளுபடி வேண்டாம். நெருக்கடியான நாட்களில் முதலில் அவரைக் கேட்டு நேரம் கொடுங்கள், அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள்: 'நீங்க எப்பவும் சரியா வந்துடுவீங்க, அதான் உங்களுக்கு முதல்ல கேட்டேன்.'

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டில் நான்கு வாரம் இதை மட்டும் எழுதுங்கள்: கொடுத்த நேரம், வந்த நேரம், நாற்காலியில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். ஒருவருக்கு ஒரு வரி, ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பத்து நொடி வேலை. மாத முடிவில் இரண்டு கழித்தல். வந்த நேரத்திலிருந்து கொடுத்த நேரத்தைக் கழித்தால் வாடிக்கையாளரின் தாமதம். உட்கார்ந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் நம் தாமதம். முன்பே வந்தவருக்கு மட்டும் கொடுத்த நேரத்தைக் கழியுங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் செய்தியின் வாசகத்தைத் திருத்துவதை ஒத்திவைத்துவிட்டு முதலில் அட்டவணையைத் திருத்துங்கள். எந்த வேலைக்கு எழுதிய நிமிடத்தைவிட அதிகம் ஆகிறது என்று உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒப்பிட்டால் தெரியும். ஹைலைட்ஸுக்கு 120 எழுதி 150 ஆகிக்கொண்டிருந்தால், அடுத்த புக்கிங்கிலிருந்து 150 என்றே எழுதுங்கள்.